ஜாதிக்காய்த் தீவில் ஒரு பகல்
கப்பல் பயணியிடம் விளைபொருளை விற்கும் கிரெனடா விவசாயிகள்

கரீபியன் கடலில் சுற்றி வரும் உல்லாசக் கப்பல்கள் ஒரு தீவில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. காலையில் வந்து மாலையில் புறப்பட்டு விடுகின்றன. அந்த எட்டு, ஒன்பது மணி நேரத்துக்குள் பயணி ஊரைப் பார்த்தாக வேண்டும். ஊரில் உள்ளவர்கள் அவரிடம் நாலு காசு பார்த்தாக வேண்டும். பல தீவுகளில் இந்தக் காசு கடற்கரையோடும் துறைமுகக் கடைகளோடும் நின்று விடுகிறது. கிரெனடா தீவில் அதில் ஒரு பங்கு மலைத் தோட்டங்கள் வரை போய்ச் சேருகிறது. அதற்குக் காரணம் ஜாதிக்காய், கொக்கோ, கரும்பு ஆகிய மூன்று பயிர்கள். பயிரை மட்டும் விற்காமல், அதைப் பக்குவப்படுத்தும் வேலையையும் கண்ணுக்கு முன்னால் காட்டி விற்க அங்குள்ளவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கிரெனடாவின் பரப்பு 344 சதுர கிலோமீட்டர்தான். நீளம் சுமார் 34 கிலோமீட்டர், அகலம் சுமார் 18 கிலோமீட்டர். பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரியில் இருக்கிறது. நம் தருமபுரி, திருவண்ணாமலை இருக்கும் அதே அட்சரேகை. ஆனால் நடுவில் எரிமலையால் உண்டான மலைகளும், நல்ல மழையும், கருமண்ணும் இருப்பதால் தீவு முழுவதும் மரப் பயிர்கள் செழிக்கின்றன. முதலில் பிரெஞ்சுக்காரர்களிடமும் பிறகு பிரிட்டிஷாரிடமும் இருந்த இத்தீவு, 1974-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி சுதந்திரம் பெற்றது. அன்று ஏற்றிய தேசியக் கொடியில் ஒரு ஜாதிக்காய் இடம் பெற்றிருக்கிறது. ஒரு விளைபொருளைக் கொடியிலேயே பொறித்துக்கொண்ட நாடு அது.

துறைமுகத்தில் காலை

தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ், குதிரை லாட வடிவத்தில் அமைந்த துறைமுகத்தைச் சுற்றி மலைச் சரிவில் கட்டப்பட்ட ஊர். கப்பலிலிருந்து இறங்கியதுமே பெண்கள் ஜாதிக்காய், கிராம்பு, பட்டை, மஞ்சள் ஆகியவற்றைக் கோத்த மாலைகளையும், ஓலையில் முடைந்த சிறு கூடைகளில் அடுக்கிய வாசனைப் பொருள்களையும் விற்க நிற்கிறார்கள். பயணிகளுக்கு இது வீட்டில் மாட்டி வைக்கும் வாசனைப் பொருள். விற்பவர்களுக்கு, மூட்டையில் போட்டால் எடைக்கு விலை கிடைக்கும் காயை, ஒவ்வொன்றாக எண்ணி விற்கும் வழி.

இறங்கியவர்களில் பெரும்பாலோர் சுமார் மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைக்குப் போய்க் குளித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பி விடுவார்கள். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டியாகி விட்டதால், வெளியே வாங்கிச் சாப்பிட அவர்களுக்கு மனம் வருவதில்லை. மீதிப் பேர் வேனில் ஏறித் தீவைச் சுற்றக் கிளம்புகிறார்கள். மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறி, கிழக்குப் பக்கம் இறங்கி, நடு மலையைக் கடந்து மாலைக்குள் துறைமுகத்துக்குத் திரும்பி விடலாம். விவசாயிகளுக்கு வாடிக்கையாளர்கள் இந்த வேனில் வருகிறவர்கள்தான்.

குவாவ் ஜாதிக்காய் நிலையம்

செயின்ட் ஜார்ஜஸிலிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் குவாவ் என்ற மீனவர் ஊர் வருகிறது. அங்குள்ள ஜாதிக்காய்ப் பதன நிலையம் மரத்தால் கட்டிய பெரிய மாடிக் கட்டடம். 1947-ல் தொடங்கப்பட்ட ஜாதிக்காய் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் நிலையம் இது. விவசாயி காயைக் கொண்டு வந்து எடை போட்டதும் ஒரு தொகை முன்பணமாகக் கிடைக்கும். சங்கம் சரக்கை விற்று முடித்த பிறகு, லாபத்துக்கு ஏற்ப மீதித் தொகை போனஸாக வரும். நம் ஊர்க் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில் கரும்புக்கு நடப்பது போன்ற ஏற்பாடு.

ஈரக் காய்கள் மாடியில் உள்ள மரத் தட்டுகளில் பரப்பப்பட்டு, அவ்வப்போது கிளறி விடப்பட்டு, சுமார் எட்டு வாரம் நிழலில் உலர்கின்றன. உலர்ந்த காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கடகடவென்று சத்தம் போடும். அதுதான் பக்குவம். பிறகு இயந்திரத்தில் ஓடு உடைக்கப்படுகிறது. பெண்கள் உட்கார்ந்து ஓட்டையும் பருப்பையும் கையால் பிரிக்கிறார்கள்.

அடுத்து நடப்பதைப் பயணிகள் வியப்போடு பார்க்கிறார்கள். பருப்புகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுகிறார்கள். மூழ்குவது முதல் தரம். மிதப்பது இரண்டாம் தரம். நம் விவசாயிகள் விதை நெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் பதரை ஒதுக்கும் அதே முறைதான். மூழ்கியவை மறுபடி உலர்த்தப்பட்டு, அளவு வாரியாகப் பிரிக்கப்பட்டுச் சாக்குகளில் தைக்கப்படுகின்றன. எந்த நாட்டுக்குப் போகிறது என்பதை வெட்டிய அச்சுத் தகட்டை வைத்து மையால் சாக்கின் மேல் எழுதுகிறார்கள். மிதந்தவையும் வீணாவதில்லை. எண்ணெய் எடுக்கவும் மருந்துக்கும் போகின்றன. உடைந்த ஓடுகளைத் தோட்டப் பாதைகளில் பரப்பி விடுகிறார்கள். அதன் மேல் நடந்தால் சேறும் ஒட்டாது, களையும் அடங்கும்.

காயைச் சுற்றியுள்ள ஜாதிபத்திரிக்குத் தனிப் பக்குவம். பறித்தபோது ரத்தச் சிவப்பாக இருக்கும் பத்திரியை உலர்த்தி, வெளிச்சம் படாத பெட்டிகளில் சில மாதங்கள் மூடி வைக்கிறார்கள். சிவப்பு மாறி, ஆரஞ்சாகி, வெளிர் மஞ்சளாகும்போது தரம் பிரித்து அனுப்புகிறார்கள். எடையில் பத்திரி மிகக் குறைவு. காயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. ஆனால் கிலோ விலை காயைவிட அதிகம்.

ஏழு வருடம் காத்திருக்கும் பயிர்

ஜாதிக்காய் மரத்தின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். கிரெனடாவுக்கு இது 1843-ல் வந்ததாகச் சொல்லப்படுகிறது. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை 1834-ல் ஒழிக்கப்பட்ட பிறகு, கரும்புப் பண்ணைகள் கூலி ஆள் கிடைக்காமல் நலிந்தன. சிறு நிலம் வாங்கிக் குடியேறிய முன்னாள் அடிமைகளுக்கு, ஆலையும் பெருமுதலும் தேவைப்படாத ஜாதிக்காயும் கொக்கோவும் கைகொடுத்தன. அன்று முதல் இது சிறு விவசாயிகளின் பயிராக இருந்து வருகிறது.

இப்பயிரில் ஒரு சிக்கல் உண்டு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம்தான் காய்க்கும். விதையிலிருந்து வளர்த்தால் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகவே முளைக்கும். எது ஆண், எது பெண் என்பது ஆறு, ஏழு வருடம் கழித்துப் பூக்கும்போதுதான் தெரியும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் இருந்தால் மகரந்தச் சேர்க்கைக்குப் போதும். மீதி ஆண் மரங்களை வெட்ட வேண்டியதுதான். முழு மகசூலுக்கு 15 முதல் 20 வருடம் ஆகிறது. பூ காயாகிப் பழுத்து வெடிக்கவே ஒன்பது மாதம் ஆகும். ஆனால் ஒரு முறை நிலைத்துவிட்டால் பேரன் காலம் வரை காய்க்கும். பாட்டன் வைத்த மரத்தில் பேரன் காய் பொறுக்குவது அங்கே சாதாரணக் காட்சி.

புயல் அடித்த நாட்கள்

ஜாதிக்காய் மரத்துக்கு ஆணி வேர் ஆழமாகப் போவதில்லை. வேர்கள் மேல் மண்ணிலேயே பரவி நிற்கும். எனவே பெருங்காற்று அதற்குப் பகை. 1955-ம் ஆண்டு ஜேனட் புயலில் தீவின் ஜாதிக்காய்த் தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. மறுபடி நட்டு, மறுபடி காத்திருந்து, இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகச் சந்தைக்கு அதிகமாக ஜாதிக்காய் அனுப்பும் நாடாகக் கிரெனடா உயர்ந்தது. 1987-ல் இரு நாடுகளும் விலையைக் காக்க ஓர் உடன்பாடு செய்துகொண்டன. விலை ஏறியது. 1990-ல் உடன்பாடு முறிந்ததும் விலை சரிந்தது. இப்படிப் பல ஏற்ற இறக்கங்களைக் கண்டும் விவசாயிகள் இந்த மரத்தை விடவில்லை.

2004-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி ஐவன் புயல் தீவின் மேலேயே கடந்தது. 39 பேர் இறந்தார்கள். பத்து வீடுகளில் ஒன்பது வீடுகள் சேதமடைந்தன. ஜாதிக்காய் மரங்களில் சுமார் 90 சதவீதம் சாய்ந்தன அல்லது முறிந்தன. அரை நூற்றாண்டு உழைப்பு சில மணி நேரத்தில் போயிற்று. மறு ஆண்டு ஜூலையில் எமிலி புயல் வந்து மிச்சத்தையும் உலுக்கியது.

மரம் விழுந்ததைவிட, விழுந்த மரத்தை அப்புறப்படுத்துவது பெரிய செலவாக நின்றது. விவசாயிகளில் பலர் வயதானவர்கள். இன்று கன்று வைத்தால் அது காய்க்கும்போது தாம் இருப்போமா என்ற கேள்வி அவர்களுக்கு எழுந்தது. சிலர் வாழைக்கும் காய்கறிக்கும் மாறினார்கள். சிலர் நிலத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். தீவின் ஜாதிக்காய் உற்பத்தி இன்னும் பழைய அளவை எட்டவில்லை. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பெரில் புயல் பக்கத்துத் தீவான கரியாக்கூவைத் தரைமட்டமாக்கி, கிரெனடாவின் வட பகுதித் தோட்டங்களையும் தாக்கியது. இருபது வருடத்துக்குள் மூன்றாவது அடி.

காலால் கிளறும் கொக்கோ

குவாவிலிருந்து வடக்கே போகும் வேன், சோட்டேர்ஸ் என்ற ஊரைத் தொடுகிறது. இந்த வட பகுதிக் கரையில்தான் 1857-ம் ஆண்டு மே 1-ந் தேதி, கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட மெய்ட்ஸ்டன் என்ற கப்பல் முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்களை இறக்கியது. கரும்புப் பண்ணைகளுக்காகக் கொண்டு வரப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் வழியாகப் போன குழம்பும் ரொட்டியும் இன்று தீவில் எல்லோரும் சாப்பிடும் உணவு.

இங்கிருந்து சற்று உள்ளே பெல்மான்ட் என்ற பழைய பண்ணை இருக்கிறது. கொக்கோ எப்படிச் சாக்லேட் ஆகிறது என்பதைப் பயணிகளுக்கு ஒவ்வொரு கட்டமாக இங்கே காட்டுகிறார்கள். காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு விதையை எடுத்து, மரப் பெட்டிகளில் போட்டு வாழை இலையால் மூடுகிறார்கள். ஆறு முதல் எட்டு நாள் புளிக்கிறது. இடையிடையே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றிக் கிளறுகிறார்கள். புளிக்காத கொக்கோவில் சாக்லேட் மணமே வராது.

பிறகு பெரிய மரத் தட்டுகளில் வெயிலில் காய்கிறது. இந்தத் தட்டுகள் தண்டவாளத்தின் மேல் ஓடக்கூடியவை. மழை வந்தால் தள்ளிக் கட்டடத்துக்கு அடியில் கொண்டுபோய் விடலாம். விதைகளைக் கிளற, ஆட்கள் வெறுங்காலால் வரிசை வரிசையாகத் தேய்த்து நடக்கிறார்கள். களத்தில் நெல்லைக் காலால் துழாவி விடுவது போன்ற வேலை. பயணிகளையும் இறங்கி நடக்கச் சொல்கிறார்கள். அவர்கள் அதைப் பெரிய விளையாட்டாக நினைத்து நடக்கிறார்கள்.

ஐவன் புயலுக்குப் பிறகு ஜாதிக்காயைவிட கொக்கோ விரைவில் எழுந்தது. கொக்கோ மரம் குட்டையானது. மற்ற மரங்களின் நிழலில் வளர்வது. முறிந்தாலும் அடித்தூரிலிருந்து தழைக்கும். சில வருடத்தில் காய்ப்புக்கு வந்துவிடும்.

கொக்கோவின் வருமானத்தை மாற்றிய இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1999-ல் மாட் கிரீன் என்ற அமெரிக்கரும் அவருடைய இரு நண்பர்களும் தீவிலேயே ஒரு சிறு சாக்லேட் ஆலையைத் தொடங்கினார்கள். அதுவரை உலர்ந்த விதை மூட்டையாக ஏற்றுமதியாகி, வேறு நாட்டில் சாக்லேட்டாகி, பல மடங்கு விலைக்கு விற்றது. விதை விளைந்த இடத்திலேயே சாக்லேட் செய்தால் அந்த விலையில் ஒரு பங்கு ஊரிலேயே தங்கும் என்பது அவர்கள் கணக்கு. பழைய இயந்திரங்களைச் சீர்செய்து, சூரிய மின்சாரத்தில் ஓட்டினார்கள். 2012-ல் எஞ்சின் இல்லாத பாய்மரக் கப்பலில் ஐரோப்பாவுக்குச் சாக்லேட் அனுப்பினார்கள். மாட் கிரீன் 2013-ல் மின் விபத்தில் இறந்து போனார். ஆனால் அந்த வழியைப் பார்த்து மற்றவர்களும் சாக்லேட் செய்யத் தொடங்கினார்கள். 2014 முதல் தீவில் சாக்லேட் திருவிழாவும் நடந்து வருகிறது.

மதியச் சாப்பாடும் இங்கே தோட்டத்து விளைச்சல்தான். சேப்பங்கீரைக் கடைசல், சீமைப்பலாவைத் தேங்காய்ப்பாலிலும் மஞ்சளிலும் வேக வைத்த பண்டம், ஜாதிக்காய்ப் பழத் தோலில் செய்த ஜாம் ஆகியவை முக்கியமானவை. ஜாதிக்காயின் வெளிச் சதை, பல நாடுகளில் மரத்தடியிலேயே அழுகிப் போவது. இங்கே அது ஜாமாகவும் பாகாகவும் புட்டியில் அடைபட்டுப் பயணியின் பையில் போகிறது.

நீர்ச் சக்கரம் சுற்றும் கரும்பாலை

கிழக்குக் கரையில் உள்ள ரிவர் அந்துவான் சாராய ஆலை 1785-ல் தொடங்கியது. ஆற்று நீரில் சுழலும் பெரிய இரும்புச் சக்கரம் இன்றும் அங்கே கரும்பு பிழிகிறது. சாற்றை வரிசையாக வைத்த கொப்பரைகளில் காய்ச்சுகிறார்கள். ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு நீண்ட கரண்டியால் முகந்து ஊற்றுகிறார்கள். அடுப்புக்கு எரிபொருள் கரும்புச் சக்கையேதான். வெல்லம் காய்ச்சும் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் வேறெங்கும் இப்படிப் பார்த்திராத பயணிகள் கட்டணம் கொடுத்து உள்ளே வருகிறார்கள்.

இந்தச் சாராயத்தில் ஆல்கஹால் அளவு 75 சதவீதம். எழுபதுக்கு மேல் இருந்தால் விமானத்தில் ஏற்ற முடியாது. வெளியூர்க்காரர்கள் வாங்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக 69 சதவீதத்தில் தனியாக ஒன்றும் தயாரிக்கிறார்கள். வாங்குபவனின் வசதியை அறிந்து சரக்கைத் தயார் செய்வதற்கு இது நல்ல உதாரணம்.

இங்கிருந்து வேன், எரிமலை வாயில் நீர் தேங்கிய கிராண்ட் எட்டாங் ஏரி வழியாக மலையைக் கடந்து தலைநகருக்கு இறங்குகிறது. மாலையில் கப்பல் சங்கு ஊதும்போது எல்லோரும் ஏறியாக வேண்டும்.

கணக்குப் பார்த்தால்

ஒரு நாள் பயணியால் கிடைக்கும் வருமானத்தை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. சுற்றுலாவைக் கப்பலிலேயே பதிவு செய்தால் அந்தத் தொகையில் ஒரு பங்கு கப்பல் நிறுவனத்துக்குப் போகும். கப்பல் சீசன் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். புயல் அடித்த ஆண்டில் கப்பலும் வராது, காயும் இராது. கப்பலை மட்டுமே நம்புகிறவர், ஜாதிக்காயை மட்டுமே நம்பியவரைப் போலவே ஏமாறுவார்.

ஆனால் மரத்தை இழந்த விவசாயி புதுக் கன்று காய்க்கும் வரை குடும்பத்தை ஓட்ட வேண்டும் அல்லவா? அந்த இடைக்காலத்துக்கு ஒரு கூடை வாசனைப் பொருள், ஒரு புட்டி ஜாம், ஒரு கட்டி சாக்லேட் உதவுகின்றன. விளைச்சல் குறைந்த ஆண்டில், விளைந்த கொஞ்சத்துக்கு அதிக விலை பெற இதைவிட வேறு வழி இல்லை. ஜாதிக்காய், கொக்கோ, வாழை, சீமைப்பலா எல்லாம் கலந்த தோட்டம் புயலில் பாதி போனாலும் பாதி நிற்கும் என்பதையும் ஐவன் கற்றுக்கொடுத்தது.

நமக்குப் பயன்படும் செய்தி

2017-ல் ஒக்கி புயலில் குமரி மாவட்டத்து ரப்பரும் வாழையும், 2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டாவின் தென்னைகளும் சாய்ந்ததைக் கண்ட தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஜாதிக்காயும் இங்கே அந்நியப் பயிர் அல்ல. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளிலும், குமரி மாவட்டத்திலும், நீலகிரிச் சரிவில் பர்லியாறு பகுதியிலும் பயிராகிறது. கிரெனடா அனுபவத்திலிருந்து கவனிக்க வேண்டியவை வருமாறு:

விதைக் கன்றை நம்பி ஏழு வருடம் காத்திருக்க வேண்டாம். நன்றாகக் காய்க்கும் பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக் கன்று நட்டால், நாலைந்து வருடத்தில் காய்ப்புக்கு வரும். ஒட்டுக்கு எடுக்கும் குச்சி, செங்குத்தாக மேல்நோக்கி வளரும் குருத்தாக இருக்க வேண்டும். பக்கக் கிளையில் எடுத்தால் மரம் உயராமல் புதராகப் படரும். தோப்பில் ஒன்றிரண்டு ஆண் மரம் இருப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தென்னைக்கு வயது பதினைந்தைத் தாண்டிய தோப்பில், நான்கு தென்னைக்கு நடுவில் ஒரு கன்று வைக்கலாம். காற்று அடிக்கும் பக்கத்தில் உயரமான மரங்களை வேலியாக வளர்ப்பது அவசியம். வேர் மேலாகவே ஓடுவதால் மரத்தடியில் ஆழக் கொத்தக் கூடாது. தழை மூடாக்குப் போடுவது நல்லது.

வெடித்து விழுந்த காயைத் தரையில் கிடக்க விடாமல் அன்றாடம் பொறுக்க வேண்டும். ஈரத்தில் கிடந்தால் பூஞ்சாணம் பிடித்து, விலை போகாது. பத்திரியைக் கிழியாமல் பிரித்துத் தனியாக உலர்த்த வேண்டும். வெளிச் சதையை எறியாமல் ஊறுகாய், ஜாம் செய்து பார்க்கலாம்.

குற்றாலம், கன்னியாகுமரி, வால்பாறை, ஊட்டி போகும் சாலைகளில் நாள்தோறும் வண்டிகள் போகின்றன. அவற்றில் போகிறவர்களுக்கும் கிரெனடாவில் இறங்கும் பயணியைப் போல ஒரு பகல்தான் நேரம். சாலையோரத் தோட்டத்தில் காய் உடைப்பதையும், உலர்த்துவதையும், தண்ணீரில் போட்டுத் தரம் பிரிப்பதையும் காட்டி, சிறு பொட்டலமாகக் கட்டி விற்கத் தனி முதலீடு பெரிதாகத் தேவையில்லை. மூட்டைக்கு வியாபாரி சொல்லும் விலை ஒன்று. கண்ணெதிரே பக்குவப்படுத்திய பொட்டலத்துக்கு விவசாயி சொல்லும் விலை வேறு. தோட்டத்தின் ஒரு மூலையில் நிழலான ஒரு கொட்டகையும், சுத்தமான ஒரு தட்டும், வந்தவருக்கு விளக்கிச் சொல்ல வீட்டில் ஒருவரும் இருந்தால் இந்த வருடமே தொடங்கிப் பார்க்கலாம்.